ஃபார்மேட் போடுவதற்கு முன்னால்: ஆதரவு முடிந்த விண்டோஸுக்கு அறிகுறி பார்த்து வைத்தியம்

கோத்தகிரியில் சிஸ்டம் சர்வீஸ் பார்க்கிறவன் நான். கடைக்கு வருகிற பழைய சிஸ்டங்கள் பெரும்பாலும் ஒரே வாசகத்தோடுதான் வருகின்றன: "அண்ணா, அப்டேட் ஆக மாட்டேங்குது, ஃபார்மேட் போட்டுடலாமா?" தேயிலை ஃபேக்டரி கிளார்க் தம்பியும் இதைத்தான் கேட்பார், ஹோம்ஸ்டே நடத்துகிறவரும் இதைத்தான் கேட்பார், பஸ் ஸ்டாண்ட் பக்கத்து ஜெராக்ஸ் கடை அக்காவும் இதைத்தான் கேட்பார்.

ஒரு காலத்தில் நானும் "போட்டுடலாம்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆதரவு முடிந்துபோன, அதாவது மைக்ரோசாஃப்ட் திருத்தம் கொடுப்பதை நிறுத்திவிட்ட விண்டோஸில் அந்தப் பதில் தப்பு. ஓடிக்கொண்டிருக்கிற விண்டோஸ் 7 சிஸ்டம் 2020 வரை வந்த திருத்தங்களைக் கொஞ்சமாவது வாங்கி வைத்திருக்கும். அதை அழித்துவிட்டுப் பழைய டிவிடியிலிருந்து புதிதாகப் போட்டால் கையில் இருப்பது 2009-ஆம் வருடத்து விண்டோஸ், அல்லது சர்வீஸ் பேக் 1 சேர்ந்த 2011-ஆம் வருடத்து விண்டோஸ். இன்றைய அப்டேட் சர்வரோடு பேசவே அதற்குத் தெரியாது. சளிக்கு வைத்தியம் பார்க்கப் போய்க் காய்ச்சலை வாங்கிவந்த கதைதான். அதனால் முதலில் அறிகுறியைப் பாருங்கள்.

தேதிகளை ஒருமுறை நினைவில் வைத்துக்கொள்ளலாம். விண்டோஸ் எக்ஸ்பிக்கு ஆதரவு முடிந்தது 2014 ஏப்ரல் 8. விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14. விண்டோஸ் 8.1-க்கு 2023 ஜனவரி 10. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14. பிழை எண்களில் முன்னால் வருகிற சுழியத்தையும் பெருக்கல் குறி போன்ற எழுத்தையும் விட்டுவிட்டு எண்ணை மட்டும் எழுதுகிறேன்.

எதைத் தொடுவதற்கு முன்னாலும் டேலி ஃபோல்டர், தேயிலைக் கணக்கு, குழந்தைகளின் போட்டோ எல்லாவற்றையும் வெளியே ஒரு டிஸ்க்கில் எடுத்து வையுங்கள். இதை மறுபடி சொல்லமாட்டேன்.

"எந்த சைட்டைத் திறந்தாலும் பாதுகாப்பு இல்லைன்னு வருது, அப்டேட்டும் ஓடல"

திரையின் வலது கீழ் மூலையில் தேதியைப் பாருங்கள். வேறெங்கும் பார்க்க வேண்டாம்.

கட்டபெட்டு பக்கத்திலிருந்து ஒரு இலை ஏஜென்ட் போன் செய்தார். வைரஸ் வந்துவிட்டது, ஜிமெயில்கூடத் திறக்கவில்லை என்றார். "தேதி என்ன காட்டுது அண்ணா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "2009 ஜனவரி ஒண்ணுன்னு காட்டுது தம்பி" என்றார்.

மதர்போர்டில் ஒரு ரூபாய் நாணயம் போல ஒரு பேட்டரி இருக்கும். பெயர் சிஆர்2032, மூன்று வோல்ட். சிஸ்டத்துக்கு மின்சாரம் இல்லாதபோது கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். சுவரில் பிளக் மாட்டி ஸ்விட்ச் ஆனில் இருக்கிறவரை, சிஸ்டம் அணைந்திருந்தாலும், பேட்டரிக்கு அதிக வேலை இல்லை. நம் ஊரில் ஐப்பசி, கார்த்திகையில் இடி இடித்தால் முதல் வேலை பிளக்கைப் பிடுங்குவது. நல்ல பழக்கம், விடவேண்டாம். ஆனால் இராத்திரி முழுக்கக் கடிகாரம் அந்தச் சின்ன பேட்டரியைத்தான் உறிஞ்சுகிறது. அதனால் இங்கே அது சீக்கிரம் தீர்ந்துபோகிறது.

தேதி தப்பானால் இன்டர்நெட் ஏன் நிற்கவேண்டும்? ஒவ்வொரு சைட்டும் ஒரு சான்றிதழை நீட்டுகிறது. அது பஸ் பாஸ் மாதிரி, இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை செல்லும் என்று அதில் இருக்கும். 2009-இல் வாழ்கிற கண்டக்டரிடம் இந்த வருடத்துப் பாஸைக் காட்டினால் "இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே" என்று இறக்கிவிடுவார். பாஸ் சரிதான், கண்டக்டரின் காலண்டர்தான் தப்பு. விண்டோஸ் அப்டேட்டும் இதே பாஸைத்தான் பார்க்கிறது.

"தானா நேரம் சரிபண்ணிக்கும்னு டிக் போட்டிருக்கே" என்பார்கள். வீட்டு சிஸ்டங்களில் விண்டோஸின் நேரச் சேவை 15 மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் திருத்த மறுத்துவிடும். யாரோ ஏமாற்றுகிறார்கள் என்று அதற்குச் சந்தேகம். ஆகவே வருடம், மாதம், நாள் மூன்றையும் கையால் மாற்றுங்கள், பிறகு "அப்டேட் நவ்" அழுத்துங்கள், மிச்ச நிமிடங்களை அது பார்த்துக்கொள்ளும். பேட்டரியையும் அன்றே மாற்றுங்கள். நூறு ரூபாய்க்குள் முடிகிற வேலை. மின்சாரத்தைத் துண்டித்து, பிடிக்கிற கொக்கியை மெதுவாகத் தள்ளி, எழுத்துள்ள பக்கம் மேலே இருக்கும்படி வையுங்கள். மாற்றிய பிறகு பயாஸ் (விண்டோஸுக்கு முன்னால் ஓடுகிற அடிப்படை நிரல்) அமைப்புகள் பழைய நிலைக்குப் போயிருக்கலாம். "ஹார்ட் டிஸ்க்கே இல்லை" என்று வந்தால் பயந்துவிடாதீர்கள், பயாஸில் ஹார்ட் டிஸ்க்கோடு பேசுகிற சாட்டா முறை மாறியிருக்கும். முன்பு எப்படி இருந்ததோ அப்படி வையுங்கள்.

தேதி சரி, ஆனாலும் சில சைட்டுகள் மட்டும் திறக்கவில்லை என்றால் அது வேறு நோய். சான்றிதழ்களுக்கெல்லாம் மேலே வேர்ச் சான்றிதழ் என்று ஒன்று உண்டு. லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற அமைப்பு இலவசமாகக் கொடுக்கிற சான்றிதழை வைத்திருக்கிற ஏராளமான சைட்டுகள் நம்பியிருந்த பழைய வேர் ஒன்று 2021 செப்டம்பர் 30 அன்று காலாவதியானது. புது வேரைத் தெரிந்துகொள்ளாத சிஸ்டங்கள் அன்றிலிருந்து முரண்டு பிடிக்கின்றன. சோதனை சுலபம். இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் திறக்காத சைட் ஃபயர்ஃபாக்ஸில் திறக்கிறதா? திறந்தால் தப்பு விண்டோஸின் பக்கம்தான், ஏனென்றால் ஃபயர்ஃபாக்ஸ் தன் சொந்தச் சான்றிதழ்ப் பட்டியலை வைத்திருக்கிறது. இன்டர்நெட் ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு பக்கத்தில் சைட்டோடு பாதுகாப்பாகப் பேசும் முறையான டிஎல்எஸ் 1.2-க்கு டிக் இருக்கிறதா என்று பாருங்கள். அதற்குப் பிறகும் தகராறு என்றால் அடுத்த பகுதியிலுள்ள படிகளை ஏறுங்கள்.

"செக்கிங் ஃபார் அப்டேட்ஸ்னு விடிய விடிய சுத்துது" (விண்டோஸ் 7)

இதுவும், 80092004 என்ற பிழையும், 80072 என்று தொடங்கும் பிழைகளில் சிலவும் ஒரே குடும்பம். புதிதாக ஃபார்மேட் போட்ட விண்டோஸ் 7-இல்தான் அதிகம் வரும். "வேறொரு இடத்துல போட்டுக் கொடுத்தாங்க அண்ணா, அன்னையிலிருந்தே இப்படித்தான்" என்று சொன்னாலே எனக்கு நோய் தெரிந்துவிடும்.

மூன்று காரணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்திருக்கின்றன. முதலாவது கையெழுத்து. மைக்ரோசாஃப்ட் தன் திருத்தக் கோப்பு ஒவ்வொன்றின் மேலும் டிஜிட்டல் முத்திரை குத்துகிறது. முன்பு ஷா-1 என்ற முறையில் குத்தியது. அது பலவீனம் என்று தெரிந்ததும் ஷா-2-க்கு மாறியது. 2019 ஆகஸ்டு முதல் விண்டோஸ் 7-க்கு வந்த திருத்தங்களில் ஷா-2 முத்திரை மட்டும்தான். அதைப் படிக்கத் தெரியாத சிஸ்டம் "இது யார் கொடுத்தது என்று தெரியாது" என்று தள்ளிவிடுகிறது. 80092004 என்பது அந்தத் தள்ளல்தான். இரண்டாவது, 2020 ஆகஸ்டில் ஷா-1 மட்டும் தெரிந்த சிஸ்டங்களுக்கான அப்டேட் வாசலையே மூடிவிட்டார்கள். கதவைத் தட்டினாலும் உள்ளேயிருந்து பதில் வராது. மூன்றாவது, பழைய தேடும் கருவி. எந்தத் திருத்தம் எதற்குப் பதிலாக வந்தது என்று ஆயிரக்கணக்கில் கணக்குப் போட்டுப் பார்த்துக்கொண்டே இருக்கும். டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் எஸ்விசிஹோஸ்ட் என்ற ஒன்று பிராசஸரையும் ராமையும் தின்றுகொண்டிருப்பது தெரியும்.

வைத்தியம் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான், வரிசையை மாற்றக்கூடாது. நல்ல சிஸ்டம் ஒன்றில் "மைக்ரோசாஃப்ட் அப்டேட் கேட்டலாக்" சைட்டைத் திறந்து, கீழே "கேபி" என்று தொடங்குகிற திருத்த எண்களைத் தேடி பென்டிரைவில் இறக்குங்கள். உங்கள் சிஸ்டம் 32 பிட்டா 64 பிட்டா என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். கேட்டலாக்கில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும், நானே தப்பாக இறக்கி ஒரு மத்தியானத்தை வீணடித்திருக்கிறேன்.

நோயாளி சிஸ்டத்தில் நெட் கேபிளைப் பிடுங்குங்கள். அப்டேட் அமைப்பை "நெவர் செக்" என்று வைத்து ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். இதைச் செய்யாவிட்டால் நீங்கள் கையால் போடுகிற திருத்தமும் "தேடுகிறேன்" என்று சுற்ற ஆரம்பித்துவிடும்.

1. சர்வீஸ் பேக் 1 இல்லையென்றால் அது, அதாவது கேபி976932.
2. கேபி4490628. நிறுவும் இயந்திரத்தையே புதுப்பிப்பது.
3. கேபி4474419. ஷா-2 படிக்கக் கற்றுக்கொடுப்பது.
4. கேபி3172605. தேடும் கருவியின் தாமதத்தைச் சரிசெய்வது.
5. கேபி3125574. சர்வீஸ் பேக் 1-க்குப் பிறகு 2016 ஏப்ரல் வரை வந்தவற்றில் பெரும்பாலானவற்றின் மூட்டை.
6. கேபி4536952, அதன்பின் கேபி4534310. இரண்டாவது 2020 ஜனவரியின் கடைசி மாதத் தொகுப்பு.

ஒவ்வொன்றுக்கும் நடுவில் ரீஸ்டார்ட். பிறகு கேபிளை மாட்டி அப்டேட்டைத் தேடச் சொன்னால் மிச்சத்தை அதுவே கண்டுபிடிக்கும்.

அந்தக் கடைசித் தொகுப்பைப் போட்டதும் டெஸ்க்டாப் படம் காணாமல்போய்த் திரை கறுப்பாகிவிட்டது என்று சிலர் திரும்ப வருவார்கள். படத்தை "ஸ்ட்ரெட்ச்" என்று வைத்திருந்தால் அப்படி ஆகும். கடைசி அன்பளிப்பாகக் கொடுத்த திருத்தத்தில் ஒரு கறுப்புத் திரை! பிறகு கேபி4539602 என்று எல்லோருக்குமாக ஒரு திருத்தம் வெளியிட்டார்கள். அதையும் இறக்கிக்கொள்ளலாம், அல்லது படத்தை "ஃபில்" என்று மாற்றிவிட்டாலே போதும்.

கையால் இத்தனை செய்யப் பொறுமை இல்லாதவர்களுக்கு "லெகசி அப்டேட்" என்று ஆர்வலர்கள் நடத்துகிற சேவை இருக்கிறது. எக்ஸ்பி, விஸ்டா, 7 போன்றவற்றுக்குப் பழைய அப்டேட் வழியை மறுபடி திறந்துவிடுகிறது. மைக்ரோசாஃப்ட் ஏற்கெனவே வெளியிட்ட திருத்தங்களைத்தான் கொண்டுவரும், புதிதாக எதையும் தயாரித்துத் தராது. அதுவே அதன் மேல் எனக்கு நம்பிக்கை வரக் காரணம்.

நம்பிக்கை வராதது இன்னொன்று: "ஒரே கிளிக், 2030 வரை அப்டேட் வரும்" என்று பென்டிரைவில் கைமாறி வருகிற மென்பொருள்கள். விண்டோஸ் 7-க்குக் காசு கொடுத்து வாங்கும் நீட்டிப்பு நிறுவனங்களுக்காக மூன்று வருடம் இருந்தது, 2023 ஜனவரி 10-உடன் அதுவும் முடிந்தது. அதை ஏமாற்றி வாங்குகிற கருவிக்கு நீங்கள் அட்மின் சாவியைக் கொடுக்கவேண்டும். திருடன் வருவான் என்று பயந்து, பெயர் தெரியாதவனிடம் வீட்டுச் சாவியைக் கொடுப்பதா?

"விண்டோஸ் 10-ல என்ரோல் நவ் பொத்தானே வரல"

விண்டோஸ் 10-க்கு இன்னும் ஒரு கதவு திறந்திருக்கிறது. வீட்டு உபயோகத்துக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தம் மட்டும் தருகிற நீட்டிப்பு. அதில் பதிவு செய்கிற பொத்தான்தான் "என்ரோல் நவ்". மூன்று வழி: சிஸ்டத்தின் செட்டிங்ஸை மைக்ரோசாஃப்ட் கணக்கில் பேக்கப் எடுக்கச் சம்மதித்தால் இலவசம், 1000 ரிவார்ட்ஸ் புள்ளி கொடுக்கலாம், அல்லது 30 டாலர். எந்த வழியானாலும் மைக்ரோசாஃப்ட் கணக்கு வேண்டும். ஒரு பதிவை ஒரே கணக்கிலுள்ள 10 சிஸ்டம் வரை பயன்படுத்தலாம். ஹோம்ஸ்டேயில் நான்கு சிஸ்டம் வைத்திருக்கிறவர் நான்கு தடவை காசு கட்டக் கிளம்பினார், நல்லவேளை முன்கூட்டியே கேட்டார்.

பொத்தான் வராததற்கு நான் பார்த்த காரணங்கள் இந்த வரிசையில் வரும். ரன் பெட்டியில் "வின்வெர்" என்று ஆங்கிலத்தில் அடித்துப் பாருங்கள். விண்டோஸ் 10-இன் கடைசிப் பதிப்பான 22எச்2 என்று இல்லாவிட்டால் தகுதியே இல்லை. முதலில் அதற்கு ஏறவேண்டும். 22எச்2-தான் என்றால் மாதத் திருத்தங்கள் பாக்கி இருக்கும். 2025 ஆகஸ்டில் வந்த கேபி5063709 இல்லாத சிஸ்டங்களில் பதிவுத் திரை திறந்த உடனே மூடிக்கொண்டது. நவம்பரிலும் பதிவு பாதியில் தோற்கும் கோளாறு ஒன்று இருந்து, அதற்காக கேபி5071959 தனியாக வந்தது. மூன்றாவது, லாகின் செய்திருக்கிற ஆள் அட்மினாக இருக்கவேண்டும். குழந்தையின் கணக்கில் உட்கார்ந்துகொண்டு தேடினால் கிடைக்காது. நிறுவனத்தின் டொமைனில் சேர்த்த சிஸ்டங்களுக்கு இந்த வழி இல்லை. அவர்களுக்குத் தனி விலை, முதல் வருடம் சிஸ்டத்துக்கு 61 டாலர், பிறகு வருடாவருடம் இரட்டிப்பு.

தாமதமாகப் பதிவு செய்தாலும் விட்டுப்போன திருத்தங்கள் வந்துவிடும். ஆனால் பதிவு செய்யாத நாட்களில் சிஸ்டம் கூரையில் ஓடு இல்லாத வீடு மாதிரிதான்.

"விண்டோஸ் 11 போட்டுடலாமே?" என்பவர்களுக்கு: டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிறகு வந்த பிராசஸர் வேண்டும். 2011-இல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் ஆரம்ப வருடங்களில் வந்தவை இன்னும் சில வீடுகளில் உயிரோடு இருக்கின்றன. அவற்றில் இது நடக்காது. குறுக்குவழியில் ஏற்றிக் காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அடுத்த பெரிய பதிப்பு வரும்போது அவர்கள் போனை எடுப்பார்களா என்பது வேறு விஷயம்.

"மாசாமாசம் 80070643, 80070643னு வருது" (விண்டோஸ் 10)

எண்ணை மட்டும் பார்த்து மருந்து கொடுக்கக்கூடாது. பக்கத்தில் எந்தத் திருத்தத்தின் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். கேபி5034441 என்றிருந்தால் சிஸ்டத்தில் கோளாறு ஏதும் இல்லை. 2024 ஜனவரியில் வந்த இந்தத் திருத்தம், விண்டோஸ் தொடங்காதபோது பழுதுபார்க்க டிஸ்க்கில் ஒதுக்கிய மீட்புப் பகுதிக்குள் போய் உட்கார வேண்டியது. அந்தப் பகுதியில் 250 எம்பி காலி இடம் கேட்கும். பழைய சிஸ்டங்களில் அந்தப் பகுதியே மொத்தம் 500 எம்பிதான், எங்கே போவது? சி டிரைவைக் கொஞ்சம் சுருக்கி மீட்புப் பகுதியைப் பெரிதாக்கும் முறையை மைக்ரோசாஃப்ட் வெளியிட்டிருக்கிறது. ஆனால் பார்ட்டிஷனை வெட்டி ஒட்டுகிற வேலை அது. ஒரே சிஸ்டத்தில் மொத்தக் கணக்கும் வைத்திருக்கிறவருக்கு நான் செய்வதில்லை. மாதாந்திரத் திருத்தங்கள் இதனால் தடைபடாது. சிவப்பு எழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

டாட்நெட் (பல மென்பொருள்கள் ஓடத் தேவையான மைக்ரோசாஃப்ட் தொகுப்பு) பெயர் இருந்தால் அது நிஜமான தோல்வி. டாட்நெட் பழுதுபார்க்கும் கருவியை ஓட்டிவிட்டு மறுபடி முயலுங்கள்.

"இறங்கவே மாட்டேங்குது, பூஜ்ஜியம் பர்சென்ட்லயே நிக்குது"

போன் ஹாட்ஸ்பாட்டில் ஓட்டுகிறீர்களா? சிக்னல் பிடிக்க ஜன்னலோரம் போனை வைத்து நெட் எடுக்கிற ஹட்டிகளில் (படகர் ஊர்களில்) இதுதான் காரணம். அந்த இணைப்பு "மீட்டர்டு", அதாவது டேட்டாவை அளந்து செலவழிக்க வேண்டியது என்று குறிக்கப்பட்டிருந்தால் விண்டோஸ் 10 பெரிய கோப்புகளை இறக்காமல் காத்திருக்கும். உங்கள் டேட்டாவைக் காப்பாற்றுகிறதாம். ஒரு இராத்திரிக்கு அந்தக் குறியை எடுத்துவிடுங்கள். மாதத் தொகுப்பு பல நூறு எம்பி இருக்கும், தினசரி டேட்டாவில் பாதி போய்விடும், அதற்குத் தயாராக இருங்கள். வீட்டில் இரண்டு மூன்று சிஸ்டம் இருந்தால் "டெலிவரி ஆப்டிமைசேஷன்" பகுதியில் உள் நெட்வொர்க்குக்கு மட்டும் பகிர அனுமதி கொடுங்கள். ஒன்று இறக்கியதை மற்றவை அதனிடம் வாங்கிக்கொள்ளும்.

"அப்டேட் நடுவுல தானாவே ஆஃப் ஆகுது"

இதை விண்டோஸ் கோளாறு என்று நினைத்து மூன்று நாள் அலைந்தேன். தேயிலை ஃபேக்டரி ஒன்றின் அலுவலக சிஸ்டம். மற்ற நேரம் நன்றாக ஓடும், அப்டேட் ஆரம்பித்தால் இருபது நிமிடத்தில் அணையும். ஃபார்மேட் போடச் சொல்லி அவர்களும் நச்சரித்தார்கள். கடைசியில் பக்கவாட்டு மூடியைக் கழற்றிப் பார்த்தால், பிராசஸர் மேலிருந்த, சூட்டை வெளியேற்றுகிற ஹீட்சிங்க் முழுக்கப் பழுப்பு நிறத்தில் கம்பளி போர்த்தியது போலத் தேயிலைப் பஞ்சு. இலையை நசுக்கிச் சுருட்டுகிற சிடிசி இயந்திரம் ஓடுகிற இடத்தில் காற்றில் பறக்கிற அந்தப் பஞ்சை ஃபேன் உள்ளே இழுத்து இழுத்துப் படியவைத்திருந்தது. பில் போடுகிற வேலைக்குப் பிராசஸர் சூடாகாது. அப்டேட் மணிக்கணக்கில் முழு வேகத்தில் ஓட்டும்போது சூடு எல்லையைத் தாண்டி, தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்துவிடுகிறது. பெயிண்ட் பிரஷ், புளோயர், புதுத் தெர்மல் பேஸ்ட், அவ்வளவுதான் வைத்தியம். புளோயர் அடிக்கும்போது ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், சுழலவிடாதீர்கள்.

மழைக்காலம் முழுக்கப் பூட்டிக் கிடந்த காட்டேஜ் சிஸ்டங்களுக்கு இன்னொரு நோய். ராமின் பித்தளை நிற விளிம்பில் ஈரம் படிந்து, அப்டேட் பாதியில் நீலத்திரை வரும். ராமைக் கழற்றி விளிம்பைப் பென்சில் அழிப்பானால் மெதுவாகத் துடைத்து மறுபடி மாட்டுங்கள். குளிரில் வெளியே இருந்த லேப்டாப்பைக் கணப்பு எரிகிற அறைக்குக் கொண்டுவந்த உடனே ஆன் செய்யாதீர்கள். கண்ணாடியில் படிகிற ஆவி உள்ளேயும் படிந்திருக்கும்.

"கரண்ட் போச்சு அண்ணா, இப்ப திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகுது"

காற்று மாதத்தில் மரம் விழுந்து கரண்ட் போவது நமக்குப் புதிதல்ல. அப்டேட் எழுதிக்கொண்டிருக்கும்போது போனால்தான் தொல்லை. முதலில் பொறுமை. "மாற்றங்களைத் திரும்பப் பெறுகிறேன்" என்ற அர்த்தத்தில் ஆங்கில வாசகம் வந்தால் ஒரு மணி நேரமாவது தொடாமல் விடுங்கள். பழைய ஹார்ட் டிஸ்க்கில் அதைவிட அதிகமும் ஆகும். டிஸ்க் விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம்.

நிஜமாகவே சுற்றிக்கொண்டிருந்தால், விண்டோஸ் 10-இல் இரண்டு மூன்று முறை தொடக்கம் தோற்றதும் மீட்புத் திரை தானே வரும். அங்கே ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ் என்று போய்க் கடைசி "குவாலிட்டி அப்டேட்டை" நீக்குங்கள். விண்டோஸ் 7-இல் எஃப்8 தட்டி ரிப்பேர் வழியாக சிஸ்டம் ரெஸ்டோருக்குப் போங்கள். உள்ளே நுழைந்ததும் சர்வீசஸ் பட்டியலில் "விண்டோஸ் அப்டேட்" சேவையை நிறுத்தி, விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கிற "சாஃப்ட்வேர் டிஸ்ட்ரிபியூஷன்" ஃபோல்டரின் பெயரை மாற்றி, சேவையை மறுபடி தொடங்குங்கள். பாதி இறங்கிய கோப்புகளை மறந்து, புதிதாக ஆரம்பிக்கும். இதற்குப் பிறகு 80073712 வந்தால் விண்டோஸின் உள்கிடங்கே சிதைந்திருக்கிறது. விண்டோஸ் 10 என்றால் டிஸம் என்ற பழுதுபார்க்கும் கருவியின் "ரெஸ்டோர் ஹெல்த்", அதன்பின் சிஸ்டம் கோப்புகளைச் சோதிக்கிற எஸ்எஃப்சி. விண்டோஸ் 7 என்றால் கேபி947821 என்ற கருவி.

யூபிஎஸ் பேட்டரி செத்துப்போய் வெறும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸாக ஓடுகிற யூபிஎஸ்களை நான் நிறையப் பார்க்கிறேன். அப்டேட் போடும் முன் சுவர் ஸ்விட்சை அணைத்து இரண்டு நிமிடம் தாங்குகிறதா என்று பாருங்கள்.

"இடம் இல்லைன்னு சொல்லுது, 80070070"

டிஸ்க் கிளீன்அப்பில் "கிளீன் அப் சிஸ்டம் ஃபைல்ஸ்" அழுத்துங்கள். விண்டோஸ் 7-இல் அப்டேட் குப்பையை அகற்றும் வரி அங்கே இல்லையென்றால் கேபி2852386 போட்டால் வரும். டவுன்லோட்ஸ் ஃபோல்டரையும் பாருங்கள், கல்யாண வீடியோ ஒன்று நிச்சயம் இருக்கும்.

"பிரவுசர் பழசுன்னு பேங்க் சைட் உள்ளே விடல"

விண்டோஸ் 7, 8.1-இல் குரோம் 109-உடன் நின்றுவிட்டது. 2023 பிப்ரவரியில் வந்த 110-இலிருந்து விண்டோஸ் 10 தேவை. நீண்ட காலம் திருத்தம் வருகிற ஃபயர்ஃபாக்ஸ் 115 ஈஎஸ்ஆர் என்ற கிளைதான் அந்த சிஸ்டங்களுக்குக் கடைசிப் புகலிடம், அதற்கான கெடுவைத் தள்ளித் தள்ளித் திருத்தம் கொடுத்துவந்தார்கள். விளம்பரத் தடுப்பு போன்ற துணைக்கருவிகள் எல்லாம் ஒரே நாளில் செயலிழந்தது என்றால் நீங்கள் 115.13-க்கும் கீழே இருக்கிறீர்கள். ஃபயர்ஃபாக்ஸின் ஒரு வேர்ச் சான்றிதழ் 2025 மார்ச் 14-இல் காலாவதியானதன் விளைவு அது. அதே கிளையில் மேலே ஏறினால் சரியாகிவிடும்.

எப்படி ஏறினாலும் பேங்க் வேலையை விண்டோஸ் 7-இல் செய்யாதீர்கள். இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. அதே இயந்திரத்தில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுப் பாருங்கள். 4 ஜிபி ராமும் ஒரு சின்ன எஸ்எஸ்டியும் இருந்தால் பத்து வயது சிஸ்டம் சமாளிக்கும், டேலிக்குத்தான் வேறு இடம் பார்க்கவேண்டும். 32 பிட் பிராசஸர் என்றால் வாய்ப்பு குறுகிக்கொண்டே வருகிறது, லினக்ஸின் இன்னொரு வகையான டெபியனில், 2025-இல் வந்த 13-ஆம் பதிப்பிலிருந்து அவற்றுக்கு நிறுவியே இல்லை.

லினக்ஸிலும் இதே நோய் உண்டு. அப்டேட் கொடுக்கும்போது வரிசையாக 404 (கோப்பு கிடைக்கவில்லை) வந்தால், அந்தப் பதிப்பின் காலம் முடிந்து கோப்புகளைப் பழைய கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள். உபுண்டு என்ற லினக்ஸின் எல்டிஎஸ் (நீண்ட கால ஆதரவு) பதிப்பு என்றால் "உபுண்டு புரோ" சொந்த உபயோகத்துக்கு ஐந்து சிஸ்டம் வரை இலவசம், மொத்தம் பத்து வருடம் பாதுகாப்புத் திருத்தம் கிடைக்கும். "ரிலீஸ் ஃபைல் இன்னும் செல்லுபடியாகவில்லை" என்ற பொருளில் பிழை வந்தால், மறுபடி வலது மூலைக் கடிகாரத்தைப் பாருங்கள். அதே பேட்டரிதான்.

"எடை மெஷின் எக்ஸ்பியிலதான் ஓடும், என்ன பண்றது?"

ஒன்றும் செய்யவேண்டாம். அப்டேட்டைத் தேடவும் வேண்டாம், ஃபார்மேட்டும் வேண்டாம்.

இலை எடை போடுகிற தராசு சீரியல் போர்ட்டில் பேசும், அந்த மென்பொருள் எழுதியவர் எங்கே போனார் என்று தெரியாது, டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் சீட்டு வரும். இந்த வேலைக்கு இன்டர்நெட் தேவையே இல்லை. தேவையில்லாத இடத்தில் ஏன் கொடுக்கிறீர்கள்? 2017 மே மாதத்தில், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கிற வன்னாக்ரை பரவியபோது யாரும் எதையும் கிளிக் செய்யவேண்டியிருக்கவில்லை. ஒரே நெட்வொர்க்கில் இருந்தாலே ஒரு சிஸ்டத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவியது. ஆதரவு முடிந்து மூன்று வருடமான எக்ஸ்பிக்கே மைக்ரோசாஃப்ட் அவசரமாக கேபி4012598 வெளியிட வேண்டியதாயிற்று. 2019-இல் கேபி4500331 இன்னொன்று. இந்த இரண்டையும் கேட்டலாக்கிலிருந்து எடுத்துப் பென்டிரைவில் போட்டுவிடுங்கள், கேபி971029-ஐயும் சேர்த்து. கடைசியானது பென்டிரைவ் சொருகியதும் தானே ஓடுகிற பழக்கத்தை நிறுத்தும்.

அதன்பின் வைஃபை டாங்கிளைக் கழற்றுங்கள். குளோன்சில்லா என்ற மென்பொருளால் டிஸ்க்கை அப்படியே படியெடுத்து, அதே அளவிலான இன்னொரு டிஸ்க்கில் போட்டு, ஒருமுறை மாட்டிப் பூட் ஆகிறதா என்று பார்த்து, பாலித்தீன் உறையில் சிலிக்கா ஜெல் பாக்கெட்டோடு பீரோவில் வையுங்கள். இந்த வேலையை இலை குறைவாக வருகிற நாளில் செய்யுங்கள், லாரி வரிசையில் நிற்கும்போது அல்ல. கணக்கை அலுவலக சிஸ்டத்துக்குக் கொண்டுபோக ஒரே ஒரு பென்டிரைவ், அது வேறு எந்தச் சிஸ்டத்துக்கும் போகக்கூடாது.

நான் இப்படிச் செய்துகொடுத்த ஃபேக்டரியில் ஆறு மாதம் கழித்துப் போனேன். கிளார்க் தம்பி எடை சிஸ்டத்தின் நெட்வொர்க் துளையில் பஞ்சை அடைத்து, மேலே இன்சுலேஷன் டேப் ஒட்டி, மார்க்கரில் "மாட்டாதே" என்று எழுதியிருந்தார். தேதி மட்டும் 2004 என்று காட்டியது. "இது நெட்ல இல்லையே அண்ணா, பரவாயில்லைதானே?" என்றார். சீட்டில் அச்சாகிற தேதியைக் காட்டினேன். பேட்டரி வாங்கக் கடைக்கு ஆள் அனுப்பினார்.